டிரம்முக்குள் என்ன இருக்கிறது? மெய்ன் மாநிலத்தின் கரடி வேட்டை விதிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூலை மாதக் கடைசியில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில், வேட்டை வழிகாட்டிகளுக்கு வேலை சூடு பிடிக்கும். பேக்கரியில் விற்காமல் போன டோனட், காய்ந்த ரொட்டி, கேக் துண்டுகள், பாப்கார்ன், ஓட்ஸ், மொலாசஸ், உணவகத்தில் பலமுறை பொரித்து ஒதுக்கிய எண்ணெய் என்று எல்லாம் வாளி வாளியாக வண்டியில் ஏறும். மரம் வெட்டும் நிறுவனங்கள் போட்ட மண் சாலையில் பல மைல் போய், வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நடப்பார்கள். ஒரு மரத்தடியில் 55 காலன் டிரம் ஒன்றைச் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். அதன் பக்கவாட்டில் கரடியின் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மேலே கிளையில் சோம்பு எண்ணெயில் நனைத்த துணி ஒன்று தொங்கும். காற்று அந்த வாசனையைச் சுமந்துபோகும். கரடி மோப்பம் பிடித்து வரும். பதினைந்து இருபது கெஜம் தள்ளி ஒரு மரத்தில் பரண். ஒரு மாதம் கழித்து அதில் துப்பாக்கியோடோ வில்லோடோ ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

அதே இடத்தில் இன்னொரு சின்னப் பொருளும் இருக்கும்: 2 அங்குலத்துக்கு 4 அங்குலத்தில் ஒரு சீட்டு. இரை வைத்தவரின் பெயரும் முகவரியும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். இது சட்டம். சீட்டு இல்லாவிட்டால் காட்டு வார்டன் வந்து அபராதம் போடலாம். ஆனால் டிரம்முக்குள் எத்தனை கிலோ இருக்கிறது, அதில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு கொழுப்பு என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. இரண்டு முறை மாநிலமே திரண்டு வாக்களித்தபோதும் இந்தக் கேள்வி வாக்குச்சீட்டுக்கு வரவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் அதுதான்.

நமக்கு இது கொஞ்சம் அந்நியமான உலகம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கரடியைச் சுடுவது நேரடிக் குற்றம். சட்டப்படி கரடிக்கு இரை வைக்கலாம், அதற்குத் தேதியும் தூரமும் குறித்திருக்கிறார்கள் என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அதனால் மெய்னின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கரடியும் காடும்

மெய்னில் 1957 வரை கரடியைக் கொன்றுகொண்டு வந்தால் அரசு பரிசுப் பணம் கொடுத்தது. ஆட்டையும் பயிரையும் அழிக்கும் தொல்லைப் பிராணி என்றுதான் அது கணக்கில் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல அது வேட்டை விலங்காக, காப்பாற்றி வளர்க்க வேண்டிய செல்வமாக மாறியது. 1975-இல் மாநிலத்தின் உள்நாட்டு மீன்வள வனவிலங்குத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. கரடிகளைப் பிடித்து ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி விடுவது, குளிர்காலத்தில் பனிக்காலணி போட்டுக்கொண்டு அவற்றின் வளைகளைத் தேடிப் போய்த் தாயையும் குட்டிகளையும் எடை போடுவது என்று அந்த வேலை இடைவிடாமல் நடந்து வருகிறது. ஒரே மாநிலத்தில் கருங்கரடியை இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வுகள் மிகச் சிலவே.

துறையின் மதிப்பீட்டில், 2004 வாக்கில் மாநிலத்தில் சுமார் 23,000 கருங்கரடிகள் இருந்தன. 2014-இல் அது 30,000-ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இத்தனை கரடிகள் உள்ள மாநிலம் வேறு கிடையாது என்றே சொல்வார்கள். ஆண்டுக்குச் சுமார் 3,000 கரடிகள் வேட்டையில் விழுகின்றன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு இரை வைத்துக் கொன்றவை. மீதியில் பெரும்பகுதி நாய்களை விட்டு மரத்தில் ஏற்றிச் சுடுவதாலும் பொறி வைத்துப் பிடிப்பதாலும் வருகிறது. இரை, நாய், பொறி மூன்றுக்கும் இடம் கொடுக்கும் ஒரே மாநிலம் மெய்ன்தான்.

ஏன் இப்படி? காட்டைப் பார்த்தால் புரியும். மெய்னின் வடக்குக் காடு பரந்த புல்வெளிகளும் மலைச்சரிவுகளும் கொண்ட மேற்கு அமெரிக்காவைப் போன்றதல்ல. தேவதாரு, பிர், மேப்பிள், பீச் எல்லாம் நெருக்கியடித்து வளரும். வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்த இளமரங்கள் ஒரு சுவர் மாதிரி நிற்கும். முப்பது கெஜத்துக்கு அப்பால் எதுவும் கண்ணில் படாது. கரடியோ கூச்சமான விலங்கு; மனித வாடை பட்டதுமே சத்தமில்லாமல் நழுவிவிடும். இரை இல்லாமல் காட்டில் நடந்து தேடுபவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக் கரடி கிடைத்தாலே அதிகம். இரை வைத்துப் பரணில் காத்திருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. டிரம் இருந்தும் நான்கில் மூன்று பேர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

விதிகள் யாரைப் பார்த்து எழுதப்பட்டன

2014 வாக்கெடுப்பின்போது இருந்த சட்டத்தை எடுத்துப் படித்தால், அது நல்ல அக்கம்பக்கத்துக்காரர் எழுதியது போல இருக்கும். வண்டி போகும் பாதையிலிருந்து இரை குறைந்தது 50 கெஜம் தள்ளி இருக்க வேண்டும். குப்பை கொட்டும் இடத்திலிருந்தும் முகாம் இடத்திலிருந்தும் 500 கெஜம் தள்ளி. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்தும் அதே 500 கெஜம். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் கிட்டே வைக்கலாம். நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். அடுத்தவர் பரணில் உட்கார வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். வேட்டை தொடங்குவதற்கு 30 நாளுக்கும் மேல் முன்னதாக இரை வைக்கக் கூடாது. அக்டோபர் 31-க்குப் பிறகும் வைக்கக் கூடாது. நவம்பர் 10-க்குள் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

வேட்டைக் காலம் செப்டம்பர் 1-க்கு முந்தைய திங்கட்கிழமை தொடங்கும். இரை வைத்துச் சுடுவதற்கு அதிலிருந்து நான்கு வாரம்தான். ஞாயிற்றுக்கிழமை மெய்னில் எந்த வேட்டையும் கிடையாது. சுட்ட கரடியைப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். அங்கே வேட்டைக்காரர் ஒரு சின்னப் பல்லைப் பிடுங்கி உறையில் போட்டுக் கொடுப்பார். ஆய்வகத்தில் அந்தப் பல்லின் வேரை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றினால், மரத்தின் வளையம் போலக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு கோடு. கரடியின் வயது அதில் எழுதியிருக்கிறது. பெண் கரடியின் பல்லில், குட்டி வளர்த்த ஆண்டுகளின் கோடுகள் நெருங்கி மெலிந்திருக்கும். பால் கொடுத்ததில் உடம்பு இளைத்த ஆண்டுகள் அவை. ஒரு தாயின் வாழ்க்கை ஒரு பல்லில் அடங்கியிருப்பதை முதலில் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சரி, டிரம்முக்குள் போவதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? இரை என்றால் விலங்கோ தாவரமோ, அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருளோ; பொட்டலம் கட்டிய காகிதமும் பிளாஸ்டிக்கும் இரை ஆகாது, அது குப்பை. அவ்வளவுதான். டோனட் மாவு தாவரம், அதைப் பொரித்த கொழுப்பு விலங்கோ தாவரமோ, சாக்லேட் தாவரம், வெல்லப்பாகு தாவரம். எல்லாமே அந்த வரையறைக்குள் அடங்கிவிடுகின்றன. அளவு பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

மேலே சொன்ன விதிகளை ஒவ்வொன்றாக மறுபடி பாருங்கள். சாலையில் போகிறவர், முகாமில் தூங்குகிறவர், வீட்டுக்காரர், நிலத்துக்காரர், இன்னொரு வேட்டைக்காரர், குப்பை அள்ளுகிறவர் என எல்லாருக்கும் ஒரு விதி இருக்கிறது. அத்தனையும் தேவையான விதிகள். எதையும் நான் குறை சொல்லவில்லை. தேதி விதி மட்டும்தான் கரடியின் வயிற்றைக் கொஞ்சமாவது தொடுகிறது. மற்றதெல்லாம் மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான ஏற்பாடு.

பீச் கொட்டை விளையாத ஆண்டு

கரடியின் வயிறு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த ஆய்வின் நடுநாடி அதுதான்.

இலையுதிர் காலத்தில் கருங்கரடிக்குத் தீராப் பசி பிடிக்கும். ஒரு நாளில் 20,000 கலோரி வரை தின்னக்கூடியது. ஐந்து ஆறு மாதம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் வளைக்குள் படுத்துக் கிடக்க வேண்டிய கொழுப்பை அது இந்த ஒன்றிரண்டு மாதத்தில்தான் சேர்க்கிறது. பெண் கரடி ஜூன், ஜூலையில் கருவுறுகிறது. ஆனால் கரு உடனே வளராது. நவம்பர் வாக்கில், தாயின் உடம்பில் போதுமான கொழுப்பு இருந்தால் மட்டும் அது கருப்பையில் ஒட்டி வளரும். இல்லாவிட்டால் அந்த ஆண்டு குட்டி இல்லை. ஜனவரியில் வளைக்குள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, இரண்டு மூன்று குட்டிகள் பிறக்கும். ஒவ்வொன்றும் அரைக் கிலோகூட இருக்காது.

வடக்கு மெய்னில் இந்தக் கொழுப்பின் பெரிய பங்கு பீச் மரக் கொட்டையிலிருந்து வருகிறது. சின்ன முக்கோணக் கொட்டை. எண்ணெயும் புரதமும் நிறைந்தது. ஆனால் பீச் மரம் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. அங்கே பல ஆண்டுகள், ஓராண்டு காய்ப்பு, மறு ஆண்டு வெறுமை என்று மாறி மாறி வந்தது. 1975-இல் தொடங்கிய ஆய்வு கண்டுபிடித்த மிக அழகான விஷயம் இதுதான்: பெண் கரடிகள் குட்டி போடும் ஆண்டுகளும் அந்தத் தாளத்தோடு சேர்ந்துவிட்டன. கொட்டை கொட்டிய இலையுதிர் காலத்துக்கு அடுத்த ஜனவரியில் வளைகளில் குட்டிகள் நிறைந்திருக்கும். கொட்டை பொய்த்தால் வளைகள் பெரும்பாலும் காலி. காடு முழுக்க இருக்கும் தாய்மார்கள் ஒரு மரத்தின் கணக்கைப் பார்த்துப் பிள்ளை பெறுகிறார்கள்.

கொட்டை பொய்த்த ஆண்டில் கரடி அக்டோபர் தொடக்கத்திலேயே வளைக்குள் போய்விடும். வெளியே அலைந்து செலவழிக்கும் சக்தியைக் கூடச் சாப்பாடு ஈடு செய்யாது. காய்த்த ஆண்டில் நவம்பர் பனி வரைக்கும் பீச் மரத்தடியில் கிளறிக்கொண்டிருக்கும். இதற்கும் டிரம்முக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காட்டில் சாப்பாடு நிறைந்த ஆண்டில் டோனட்டைக் கரடி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேட்டைக்காரர்கள் வெறும் பரணில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்குவார்கள். காடு காலியான ஆண்டில் வரிசையாக வந்து நிற்கும். வேட்டைக் கணக்கும் அந்த ஆண்டுகளில் ஏறும்.

அதாவது, காட்டில் ஒன்றும் இல்லாத ஆண்டில்தான் டிரம் மிக நன்றாக வேலை செய்கிறது. அதே ஆண்டில்தான் அது வெறும் ஆசை காட்டும் பொருளாக இல்லாமல் உண்மையான சாப்பாடாகவும் ஆகிறது. சுடப்படாமல் தின்றுவிட்டுப் போகும் கரடிகள்தான் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. பரணில் ஆள் இல்லாத ஒரு மாதம் முழுக்க அவை இரவில் வந்து தின்கின்றன. கொட்டை பொய்த்த ஆண்டுக்கும் காய்த்த ஆண்டுக்கும் விதி ஒன்றே. மரத்தில் காய் இருக்கிறதா இல்லையா என்பது ஆகஸ்டிலேயே நிமிர்ந்து பார்த்தால் தெரியும். துறையின் உயிரியலாளர்களும் அதைக் கவனித்துச் சொல்கிறார்கள். இவ்வளவு அருமையான அறிவு அதே துறையின் கையில் இருக்கும்போது, அது இரை பற்றிய விதிக்குள் நுழையாமல் போனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இரண்டு முறை மக்களிடம் போன கேள்வி

1990-களில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது தேர்தல் விவகாரமானது. கொலராடோ 1992-இல் பத்துக்கு ஏழு பேர் ஆதரவோடு இரை, வேட்டைநாய், வசந்தகால வேட்டை மூன்றையும் தடை செய்தது. ஓரிகன் 1994-இல், வாஷிங்டனும் மாசசூசெட்ஸும் 1996-இல் அதே வழியில் போயின. அதே 1996-இல் ஐடஹோவும் மிச்சிகனும் தடையை நிராகரித்தன. மிச்சிகன் ஒரு படி மேலே போய், வேட்டை முறைகளை முடிவு செய்யும் அதிகாரத்தை மாநில இயற்கைவள ஆணையத்திடம் கொடுத்து, அறிவியல் அடிப்படையில் நடக்கச் சொல்லி இன்னொரு தீர்மானத்தை நிறைவேற்றியது.

மெய்னில் முதல் வாக்கெடுப்பு 2004 நவம்பர் 2. சொத்து, பொதுப் பாதுகாப்பு, ஆராய்ச்சி இவற்றுக்காகத் தவிர, இரையோ பொறியோ நாயோ வைத்துக் கரடி வேட்டையாடுவதைக் குற்றமாக்கலாமா என்பது கேள்வி. 53-க்கு 47 என்ற கணக்கில் வேண்டாம் என்றார்கள். பத்து ஆண்டு கழித்து, 2014 நவம்பர் 4 அன்று, ஏறக்குறைய அதே கேள்வி மறுபடி வந்தது. பதிலும் ஏறக்குறைய அதே கணக்கு. தெற்கே போர்ட்லாந்து நகரமும் கடலோர ஊர்களும் தடைக்கு ஆதரவு. வடக்கே காட்டை ஒட்டிய மாவட்டங்கள் கடுமையாக எதிர்ப்பு. பத்து ஆண்டில் பெரிய மனமாற்றம் இல்லை.

தடை கேட்டவர்கள் பின்னால் அமெரிக்க ஹியூமேன் சொசைட்டி என்ற விலங்கு நல அமைப்பு நின்றது. குப்பை உணவில் தலையை விட்டுக்கொண்டிருக்கும் விலங்கை ஒளிந்திருந்து சுடுவது வேட்டையே அல்ல என்றார்கள். இந்த வாதத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. வேட்டைக்காரர்களிலேயே பலருக்கு அந்தச் சங்கடம் உண்டு. தடை கேட்டவர்களின் இரண்டாவது வாதம்: கொலராடோ, ஓரிகன், வாஷிங்டனில் தடைக்குப் பிறகும் கரடி வேட்டை சாகவில்லை. உரிமம் வாங்குபவர்கள் கூடத்தான் செய்தார்கள். அது உண்மை. ஆனால் மெய்ன் உயிரியலாளர்கள் சொன்ன மறுமொழியும் உண்மை: அங்கே எதிர்ச் சரிவில் மேயும் கரடியைத் தொலைநோக்கியில் பார்க்கலாம், இங்கே முப்பது கெஜம் பார்க்க முடியாது. மாநிலத்தில் விழும் கரடிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இரை, நாய், பொறி மூன்றாலும் விழுபவை. மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க முடியாது, கரடிகள் ஊருக்குள் வரும் என்றது துறை.

துறை வெறுமனே சொல்லிவிட்டு இருக்கவில்லை. சீருடை போட்ட அரசு உயிரியலாளர்களும் வார்டன்களும் தொலைக்காட்சி விளம்பரங்களில் வந்து வேண்டாம் என்று வாக்களிக்கச் சொன்னார்கள். வரிப்பணத்தில் பிரசாரமா என்று எதிர்த்தரப்பு நீதிமன்றம் போனது. தேர்தலுக்கு முன் விளம்பரத்தை நிறுத்த நீதிபதி மறுத்துவிட்டார். பல ஆண்டு கரடியோடு பழகியவர்கள் தாங்கள் நம்புவதைச் சொல்வதில் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதில் ஓர் இழப்பு நடந்தது. ஒரு பக்கத்தின் முகமாக மாறியவர்கள், 'இரை இருக்கட்டும், ஆனால் இதையெல்லாம் டிரம்மில் போடாதீர்கள்' என்று சொல்லும் நடு இடத்தை இழந்துவிட்டார்கள். வாக்குச்சீட்டில் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டம்தானே இருக்கிறது.

வழிகாட்டிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். இரை வைத்து வேட்டையாட வருபவர்களில் பெரும்பாலோர் வெளி மாநிலத்தவர்கள். ஒரு வாரம் விடுதி, சாப்பாடு, வழிகாட்டி என்று அவர்கள் செலவழிக்கும் பணம், வேறு தொழில் அதிகம் இல்லாத வடக்கு ஊர்களுக்குச் செப்டம்பர் மாத வருமானம். இரை வைக்கும் இடத்துக்கு மர நிறுவனங்களிடம் ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு அந்த வாக்கெடுப்பு வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை.

ஸ்டார்க் ஊர்க் காட்டில் நான்கு கரடிகள்

2014 செப்டம்பர். மெய்னில் பிரசாரம் உச்சத்தில் இருந்த அதே நாட்களில், பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்டார்க் என்ற சிற்றூருக்கு அருகே, இரை வைத்த ஓர் இடத்தில் நான்கு கருங்கரடிகள் செத்துக் கிடந்தன. இரண்டு வளர்ந்த பெண் கரடிகள், இரண்டு குட்டிகள். குண்டுக் காயம் இல்லை. நோயின் அடையாளமும் இல்லை. எல்லாம் இரைக்கு மிக அருகிலேயே விழுந்திருந்தன. நடந்து போகக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு பரிசோதனை நடந்தது. காரணம் தியோப்ரோமின். கோகோவில் இயற்கையாகவே இருக்கும் பொருள் அது, காஃபினின் உறவுக்காரன். மனித உடம்பு அதைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடம்பால் அது முடியாது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் சாக்லேட்டை எட்டாத இடத்தில் வைப்பது இதனால்தான். கரடியின் உடம்பும் அப்படித்தான். தின்னத் தின்ன நச்சு ஏறிக்கொண்டே போகும். இதயத் துடிப்பு தறிகெடும். கடைசியில் இதயம் நின்றுவிடும். அந்த இடத்தில் வைத்திருந்தது சுமார் 90 பவுண்டு, அதாவது 40 கிலோ அளவுக்குச் சாக்லேட்டும் டோனட்டும்.

இரை வைத்தவர் சட்டத்தை மீறவில்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அன்றைய சட்டப்படி அவர் செய்தது சரி. யாரும் கரடியை விஷம் வைத்துக் கொல்ல நினைக்கவில்லை. அந்த இரையை அங்கே வைத்ததற்கு விதி இடம் கொடுத்தது, அவ்வளவுதான். நாய்க்கு ஆகாது என்று எத்தனையோ ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு பொருள், கரடிக்கு ஆகுமா என்று விதி எழுதியவர்கள் யாரும் யோசிக்கவில்லை. அதன் பிறகு நியூ ஹாம்ப்ஷயர் சாக்லேட்டையும் கோகோவிலிருந்து பெறும் எந்தப் பொருளையும் கரடி இரையிலிருந்து விலக்கியது. மிச்சிகனும் அதைத் தடை செய்தது.

அந்த நான்கில் இரண்டு குட்டிகள் என்பது எனக்கு மறக்கவில்லை. முந்தைய ஜனவரியில் பிறந்திருக்க வேண்டும். அது அவற்றின் முதல் இலையுதிர் காலம். தாய் எதைத் தின்கிறாளோ அதுதான் சாப்பாடு என்று கற்றுக்கொள்ளும் வயது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெயைத் தேடி வரும் கரடிகளைப் பற்றி நம் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோமே, அங்கேயும் குட்டி தாயின் பின்னாலேயே வந்துதான் அந்த ருசியைக் கற்றுக்கொள்கிறது.

அளவும் காலமும்

விஸ்கான்சின் மாநிலம் வேறு வழியில் போனது. அங்கே ஓரிடத்தில் 10 காலனுக்கு மேல் இரை வைக்கக் கூடாது. இறைச்சி, மீன், எலும்பு, தேன் போன்ற விலங்குப் பொருள் கூடாது. மரப்பொந்திலோ குழியிலோ வைத்து, மான்கள் தொட முடியாதபடி கட்டையோ கல்லோ போட்டு மூட வேண்டும். உலோக டிரம் கிடையாது. மெய்னில் இல்லாத எல்லாமே இருக்கிறது அல்லவா? ஆனால் காலத்தைப் பாருங்கள்: ஏப்ரல் 15-இலிருந்தே இரை வைக்கத் தொடங்கலாம். குளிர்கால உறக்கம் முடிந்து கரடி எழுந்ததிலிருந்து இலையுதிர் காலம் வரை, ஏறக்குறைய அதன் ஆண்டு முழுக்க. 10 காலன் என்பது ஒரு தடவைக்கான அளவு. தீரத் தீர நிரப்பலாம்.

வடக்கு விஸ்கான்சினில் வேட்டையில் விழுந்த கரடிகளின் உடல் மாதிரியில் உள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை கொண்ட வடிவங்களை) அளந்து 2017-இல் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கரும்பும் சோளமும் கலந்த மனித உணவுக்கு ஒரு தனிக் கையெழுத்து உண்டு. அது உடம்பில் பதிந்துவிடும். அந்தக் கரடிகளின் உணவில் 40 சதவிகிதத்துக்கு மேல் மனிதர் வைத்த இரை. காட்டு விலங்கு என்று நாம் சொல்லும் ஒன்றின் உடம்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக டோனட்டும் மிட்டாயும்.

இந்த எண்ணை அப்படியே மெய்னுக்குப் பொருத்தக் கூடாது. மெய்னில் இரை இருப்பது அதிகம் போனால் மூன்று மாதம்தான். தடை கேட்பவர்கள் சிலர் இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் பேசிவிடுகிறார்கள், அது நியாயமில்லை. ஆனால் இரண்டு மாநிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. அளவைக் கட்டுப்படுத்தியவர்கள் காலத்தைத் திறந்து விட்டார்கள். காலத்தைக் கட்டுப்படுத்தியவர்கள் அளவைத் திறந்து விட்டார்கள். ஒன்றை மட்டும் அடைத்தால் இன்னொரு பக்கமாகச் சாப்பாடு காட்டுக்குள் போய்விடுகிறது.

அலாஸ்காவில் கதை வேறு. அங்கே சண்டை மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையில். தேசிய இயற்கைக் காப்பு நிலங்களில் இரை வைப்பதைத் தேசியப் பூங்காச் சேவை 2015-இல் தடை செய்தது, 2020-இல் அந்தத் தடையை எடுத்தது, 2024-இல் மறுபடி தடை செய்தது. தலைநகர் வாஷிங்டனில் ஆட்சி மாற மாற விதியும் மாறியது. கரடி எதைத் தின்கிறது என்ற பேச்சு அங்கேயும் பின்வரிசையில்தான் இருந்தது.

என் முடிவு

இரை வைத்துச் சுடுவது சரியா தவறா என்பதில் எனக்கு ஒரு மனச்சாய்வு உண்டு. நான் பரணில் உட்காரப் போவதில்லை. ஆனால் மெய்ன் மக்கள் இரண்டு முறை யோசித்து அதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவை மதித்துக்கொண்டே, இன்னும் நல்ல விதி எழுத முடியும். கோகோ உள்ள எதுவும் கூடாது என்று ஒரே வரி போதும். அதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை, ஸ்டார்க்கில் அதற்கான விலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஓரிடத்துக்கு இத்தனை கிலோ என்று ஓர் உச்சவரம்பு வைக்கலாம். பீச் கொட்டை பொய்க்கும் ஆண்டில் அந்த 30 நாள் முன்காலத்தைக் குறைக்கலாம். கரடிகள் எப்படியும் வரும் ஆண்டு அது, வேட்டைக்காரருக்கு நட்டம் இல்லை. கடைசி யோசனையைத் துறையின் உயிரியலாளர்கள் ஏற்பார்களா என்பது வேறு விஷயம். ஆனால் அதைச் செய்து பார்க்கத் தேவையான ஐம்பது ஆண்டுத் தரவு அவர்களிடம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிறிய வேலை உண்டு. பதிவு நிலையத்தில் ஏற்கெனவே ஒரு பல்லை வாங்குகிறார்கள். எந்த முறையில் வேட்டையாடினாய் என்று கேட்கிறார்கள். இரை வைத்தவர்களிடம், அதில் என்ன போட்டாய், ஏறத்தாழ எத்தனை கிலோ, எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்பினாய் என்று இன்னும் மூன்று வரி சேர்த்துக் கேட்கலாம். ஓர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் சேரும். ஒவ்வொரு சீட்டும் ஒரு பல்லோடு, ஒரு வயதோடு, குட்டி வளர்த்த ஆண்டுகளின் மெல்லிய கோடுகளோடு சேர்ந்து ஆய்வகத்துக்குப் போகும்.